கூரையில் கயாக், பின்னால் சைக்கிள்: கேம்பர் வேன்காரர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் கயாக் ஓட்டுவோரிடம் ஒரு வழக்கம் உண்டு. கரையேறப் போகும் ஊர் ஏவிமோர் என்றால், காலையில் முதலில் அங்கே வேனில் போய்ச் சைக்கிளைப் பூட்டி வைத்துவிடுவார்கள். பிறகு ஆற்றின் மேல்பக்கம் உள்ள கின்கிரெய்குக்கு வேனை ஓட்டிச் சென்று, கயாக்கை இறக்கி, ஆற்றின் போக்கோடு ஏவிமோர் வந்து சேர்வார்கள். கயாக்கைக் கரையில் பூட்டிவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் வேனை எடுத்து வருவார்கள். இரண்டாவது காரும் வேண்டாம், டாக்சிக்குக் காசும் வேண்டாம். ஆற்றில் ஒருவழிப் பயணம் போகிறவருக்குத் திரும்பி வரும் வண்டி சைக்கிள்தான். அதனால்தான் கயாக்கும் சைக்கிளும் ஒரே வேனில் ஏற வேண்டியிருக்கிறது.

இதற்கு ஸ்காட்லாந்தைவிடத் தோதான இடம் பிரிட்டனில் இல்லை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், எஞ்சின் இல்லாமல் நிலத்திலும் ஏரி, ஆறுகளிலும் பொறுப்போடு பயணம் செய்யும் உரிமையை அங்கே எல்லோருக்கும் தந்திருக்கிறது. கயாக், சைக்கிள் இரண்டும் அதில் அடங்கும். ஃபோர்ட் வில்லியத்திலிருந்து இன்வெர்னெஸ் வரை, தாமஸ் டெல்ஃபோர்டு வெட்டி 1822இல் திறந்த கலிடோனியன் கால்வாயையும் லோக் நெஸ் போன்ற ஏரிகளையும் இணைத்துப் போகும் கிரேட் கிளென் படகுவழி மட்டுமே 96 கிலோமீட்டர்.

கேரியர்கள் சந்தையில் ஏராளம். எதையும் எதன்மேலும் மாட்டிவிடலாம். ஆனால் மாட்ட முடிகிறது என்பதாலேயே வண்டி தாங்கிவிடும் என்று ஆகாது. கூரை எவ்வளவு தாங்கும், பின்பக்கம் எவ்வளவு தாங்கும், ராத்திரி படுக்கை எங்கே, இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே கேரியருக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது என் திடமான கருத்து. இங்கே சொல்பவை பிரிட்டனில் அதிகம் ஓடும் ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5, டி6 வகை வேன்களை, அதிலும் கூரை மேலெழும் பாப்-டாப் வேன்களை மனத்தில் வைத்துச் சொல்பவை. மற்ற வண்டிகளுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

செய்ய வேண்டியவை

எண்களைத் தேடி எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். வண்டியில் ஒட்டியோ அறைந்தோ இருக்கும் தகட்டில் நான்கு எடைகள் வரிசையாக இருக்கும். முதலாவது வண்டியின் மொத்த எடை வரம்பு. இரண்டாவது, டிரெய்லரோடு சேர்த்த வரம்பு. மூன்றாவதும் நான்காவதும் முன் அச்சு, பின் அச்சு ஒவ்வொன்றும் தாங்கும் எடை. டிரான்ஸ்போர்ட்டரின் டி28, டி30, டி32 என்ற பெயர்களே 2.8, 3.0, 3.2 டன் என்ற மொத்த வரம்பைத்தான் சொல்கின்றன.

கூரை எடை அந்தத் தகட்டில் இருக்காது, கையேட்டில் இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த இரும்புக் கூரை நல்ல பாரம் தாங்கும். அதை அறுத்துவிட்டுப் பாப்-டாப் வைத்தால் அந்தப் பழைய எண் செல்லாது. பாப்-டாப் கூரைகளுக்கு 50 கிலோ என்ற அளவில் வரம்பு வைப்பது சாதாரணம். வண்டியை மாற்றிக் கட்டிய பட்டறை எழுத்தில் என்ன எண் தந்ததோ அதுதான் உங்களுக்குச் சட்டம். எழுத்தில் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கடலுக்கான பிளாஸ்டிக் கயாக் ஒன்று 28 கிலோ, இரண்டுக்கு 56. ரூஃப் பாரும் தாங்கிகளும் சேர்ந்து 12. மொத்தம் 68 கிலோ. வரம்பு 50 என்றால் கிளம்பும் முன்பே 18 கிலோ அதிகம். ரூஃப் பாரின் எடையும் கூரை எடையில் சேரும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பின்பக்கத்துக்கு வருவோம். டிக்கிக் கதவில் மாட்டும் சைக்கிள் கேரியர்களுக்கு 60 கிலோ வரை என்பது வழக்கமான வரம்பு. பேட்டரி சைக்கிள் ஒன்று 25 கிலோ. இரண்டு ஏற்றலாம், மூன்றாவதற்கு இடமில்லை. டிரெய்லர் இழுக்கும் டோ பாரில் மாட்டும் கேரியர் என்றால் டோ பார் தாங்கும் செங்குத்து எடையைப் பாருங்கள். 75 அல்லது 100 கிலோ என்று இருக்கும். அதில் கேரியரின் சொந்த எடையான 20 கிலோவையும் கழிக்க வேண்டும்.

முழுச் சுமையோடு எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி, குடும்பம் உட்கார்ந்து, கயாக்கும் சைக்கிளும் ஏறிய நிலையில். காசு கொடுத்து எடை போடும் மேடைகள் எல்லா வட்டாரத்திலும் உண்டு. 3,000 கிலோ வரம்புள்ள ஒரு கேம்பர், ஓட்டுநரோடும் எரிபொருளோடும் 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 500. கூட வரும் மூவருக்கு 180, தண்ணீருக்கு 30, கயாக்கும் தாங்கிகளும் 68, டோ பாருக்கு 25, அதன் கேரியருக்கு 20, இரண்டு பேட்டரி சைக்கிளுக்கு 50. கையில் நிற்பது 127 கிலோ. அதற்குள் படுக்கை, துணிமணி, அடுப்பு, கேஸ், அரிசி பருப்பு, பக்கப் பந்தல், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், ஈர உடைகள் எல்லாம் அடங்க வேண்டும். நான்கு பேர் ஒரு வாரத்துக்குக் கிளம்பினால் சிரமம்தான்.

அச்சுகளைத் தனித்தனியாகவும் எடை போடச் சொல்லுங்கள். பின்னால் தொங்கும் சுமை நெம்புகோல் போல வேலை செய்யும். நீளம் குறைந்த டிரான்ஸ்போர்ட்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மீட்டர். பின் அச்சுக்கு 1.4 மீட்டர் பின்னால் 80 கிலோ தொங்கினால், பின் அச்சின் மேல் கூடுவது 80 அல்ல, சுமார் 117 கிலோ. கூடுதலான அந்த 37 கிலோவும் முன் அச்சிலிருந்து பறிபோகிறது. இந்த வேன்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. ஏரிக்கரையின் ஈரப் புல்லில் அவை சறுக்கி நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பின் டயர்களுக்குக் காற்றழுத்தத்தை முழுச் சுமைக்கு என்று கையேட்டில் உள்ள அளவுக்கு ஏற்றி வையுங்கள்.

பிரிட்டனில் வரம்பு மீறிய எடைக்கு அபராதம் படிப்படியாக ஏறும். 10 சதவீதத்துக்குள் 100 பவுண்டு, 15 சதவீதத்துக்குள் 200, அதற்கு மேல் 300. 30 சதவீதத்தைத் தாண்டினால் நீதிமன்றம். அபராதத்தைவிடப் பெரிய கவலை பிரேக். அந்த எடைக்கென்று அது செய்யப்படவில்லை.

கயாக்கை முதலில் ஏற்றுங்கள், சைக்கிளைக் கடைசியில். கயாக்கை ஏற்றும் எளிய வழி, பின்னாலிருந்து மூக்கைத் தூக்கி வைத்து உருளையில் தள்ளுவது. கேரியரில் சைக்கிள் ஏறியிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோவதில் பலர் எதிர்பாராமல் மாட்டிக்கொள்ளும் சிக்கல் இதுதான். வீட்டில் ஏற்றும்போது வரிசையைப் பார்த்துக்கொண்டால் போதும். ஆற்றங்கரையில் இறக்கும்போதும் சைக்கிள்தான் முதலில் இறங்கப் போகிறது. கரையேறும் ஊரில் அதை விட்டுவிட்டு வந்தால் பின்பக்கம் காலி, கயாக்கை இறக்கத் தடையில்லை. முதலில் சொன்ன ஸ்பே ஆற்று முறைக்கு இந்த வரிசை அச்சாகப் பொருந்தும்.

பக்கவாட்டில் ஏற்றலாம் என்றால் வேறொரு தொல்லை. பக்கப் பந்தல் பொதுவாகத் தள்ளுகதவு இருக்கும் இடப்பக்கம் இருக்கும். கயாக்கை அதன்மேல் சாய்த்தால் பந்தலின் பெட்டி நசுங்கும். ஓட்டுநர் பக்கமாக ஏற்றினால், இடதுபுறம் ஓட்டும் பிரிட்டனில் உங்கள் முதுகு போகும் வரும் வண்டிகளுக்குக் காட்டியபடி இருக்கும். ஆகவே சாலையோர நிறுத்தத்தில் வேண்டாம். கார் நிறுத்துமிடத்துக்குள் போய், ஓட்டுநர் பக்கம் புல்வெளியைப் பார்க்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்தி ஏற்றுங்கள்.

இரண்டு மீட்டர் உயர வண்டியின் மேல் 28 கிலோவைத் தலைக்குமேல் தூக்குவது எல்லோருக்கும் ஆகிற வேலை இல்லை. தூக்கிவிடும் கேரியர்கள் உண்டு. தூலே நிறுவனத்தின் ஹல்லவேட்டர், வாயு அடைத்த தண்டுகளின் உதவியோடு கயாக்கை இடுப்பு உயரத்திலிருந்து கூரைக்குத் தூக்கித் தரும். ஸ்காட்லாந்துக் கடல் கயாக்காரர்கள் விரும்பும் காரிடெக், கேரியரையே பக்கவாட்டில் கீழே இறக்கிக்கொள்ள விடும். இரண்டும் விலை அதிகம், தாமே கனமும் அதிகம். 50 கிலோக் கூரையில் அந்தக் கனத்துக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரும்புக் கூரை வேன் வைத்திருப்பவர்களுக்கு இவை நல்ல முதலீடு. பாப்-டாப்காரர்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

கனமான சைக்கிளை வண்டிக்கு மிக அருகில் வையுங்கள். இலகுவானது வெளிப்பக்கம். பேட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தால் ஒரு சைக்கிளுக்குச் சில கிலோ குறையும், மழையும் படாது. காற்றடிக்கும் பம்ப், தண்ணீர்ப் பாட்டில், பை எதுவும் சைக்கிளில் இருக்க வேண்டாம். நெடுஞ்சாலைக் குலுக்கலில் அவை கழன்று பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியைத் தேடிப் போகும்.

பட்டைகளை நேராக ரூஃப் பாரைச் சுற்றிக் கட்டுங்கள். ஒரு கயாக்குக்கு இரண்டு பட்டை, ஒரு பாருக்கு ஒன்று. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள, பல் வைத்த கொக்கியில் கையால் இழுத்து இறுக்கும் வகை. பாலியெஸ்டர் நல்லது. நைலான் நனைந்தால் நீளும், மழையில் கட்டு தளரும். பட்டையில் ஒரு முறுக்கு விட்டால் காற்றில் ரீங்காரம் போடாது. இரண்டு பாருக்கும் இடைவெளி எவ்வளவு அதிகமோ கயாக் அவ்வளவு அசையாமல் இருக்கும். வேனின் நீளக் கூரை இந்த விஷயத்தில் காரைவிட நல்லது.

நீளமான கயாக்குக்கு மூக்கிலும் வாலிலும் கயிறு போடுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பட்டை அறுந்தாலும் கயாக் சாலைக்குப் பறக்காமல் பிடித்துக்கொள்வது அந்தக் கயிறுதான். முன்னால் கட்ட இடமில்லாத வேன்களில், பானெட்டுக்கு அடியில் போல்ட்டில் மாட்டி வெளியே இழுத்துவிடும் துணி வளையங்கள் கிடைக்கும். பின் கயிறு சைக்கிள்களுக்கு நடுவே உரசிப் போகாதபடி ஒருபக்கமாக இறக்குங்கள். டிக்கிக் கதவில் மட்டும் கட்டாதீர்கள்.

புறப்பட்டுக் கால் மணி நேரத்தில் ஒரு தடவை நிறுத்தி எல்லாக் கட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். புதுக் கட்டு அந்த முதல் சில கிலோமீட்டரில்தான் தளரும்.

நம்பர் பிளேட்டும் விளக்குகளும் தெரிய வேண்டும். டிரான்ஸ்போர்ட்டரின் பின்விளக்குகள் இருபக்கமும் செங்குத்தாக நிற்பவை. இரண்டு சைக்கிள் மாட்டினால் அவற்றைச் சக்கரம் மறைத்துவிடும். நம்பர் பிளேட் மறைந்தால் பிரிட்டனில் 1,000 பவுண்டு வரை அபராதம். டோ பார் கேரியர்களில் விளக்கும் பிளேட் மாட்டும் இடமும் சேர்ந்தே வரும். டிக்கி கேரியர்காரர்கள் விளக்குப் பலகை ஒன்றை வாங்கி மாட்ட வேண்டும். வெள்ளைத் தாளில் கையால் எழுதி ஒட்டிய நம்பர் சட்டப்படி செல்லாது.

மொத்த உயரத்தை அளந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். வேன் மட்டும் 2 மீட்டர். ஜே வடிவத் தாங்கியில் சாய்த்து வைத்த கயாக்கோடு 2.5 மீட்டரைத் தாண்டிவிடும். பிரிட்டனில் உயரம் எழுதாத பாலங்கள் குறைந்தது 5.03 மீட்டர் உயரமுள்ளவை, ஆகவே அவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஏரிக்கரை, கடற்கரைக் கார் நிறுத்துமிடங்களின் வாசலில் 2 மீட்டர், 2.1 மீட்டரில் போட்டிருக்கும் குறுக்குக் கம்பிதான் ஆபத்து. மனம் முழுக்கத் தண்ணீரின் மேல் இருக்கும் நேரத்தில் அது வரும்.

படகுத்துறையில் வண்டியின் நீளத்தையும் கேட்பார்கள். ஸ்காட்லாந்துத் தீவுகளுக்குப் போகும் கேல்மேக் படகுகளில் கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள் கேரியரையும் சேர்த்து அளந்து சொல்லுங்கள்.

சாவிகளை யோசித்து எடுத்து வையுங்கள். கயாக்கில் ஏறும்போது உங்களிடம் இருக்க வேண்டியவை வேன் சாவி, சைக்கிள் பூட்டுச் சாவி, கயாக்கைக் கட்டும் பூட்டு. மூன்றும் நீர் புகாத பைக்குள், பை கயாக்கோடு கட்டப்பட்டு. இன்றைய ரிமோட் சாவிகள் உப்புநீரில் ஒரு தடவை முழுகினாலே செத்துப்போகும்.

வேறொரு நீர்நிலைக்குப் போகும் முன் பாருங்கள், கழுவுங்கள், உலர்த்துங்கள். 2010இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கொல்லி இறால் எனப்படும் அயல் உயிரினம் பிரிட்டனில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதையடுத்து 2011இல் இந்த மூன்று சொற்களோடு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. கயாக்கின் அடியிலும் உட்புறத் தேங்கலிலும் சைக்கிள் சக்கரத்தின் சேற்றிலும் அந்த உயிரினங்கள் பயணம் போகும். கயாக்கையும் ஈர உடைகளையும் முழுக்கக் காய விடுங்கள். அவசரமாக ஏரிக்கு ஏரி தாவும் விடுமுறையில் இது மிகவும் கடினம். என்றாலும் இந்தப் பட்டியலில் விட்டுக்கொடுக்கவே கூடாதது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மற்றவற்றில் நட்டம் உங்களுக்கு, இதில் நட்டம் ஆற்றுக்கு.

செய்யக்கூடாதவை

கயாக் மேலே இருக்கும்போது பாப்-டாப்பை உயர்த்தாதீர்கள். கூரையை மேலே தள்ளும் தண்டுகள் காலிக் கூரைக்கென்று செய்யப்பட்டவை. சுமையோடு தூக்கினால் கீல் வளையும், கூரை ஒருபக்கம் கோணும், துணி கிழியும். ராத்திரியில் தானாக இறங்கினால் உள்ளே படுத்திருப்பவர் குழந்தையாக இருக்கலாம்.

அதாவது ஒவ்வொரு மாலையும் இரண்டு கயாக்கையும் இறக்க வேண்டும், காலையில் மறுபடி ஏற்ற வேண்டும். மழையிலும், கொசுவைவிடச் சிறிய மிட்ஜ் பூச்சிகள் முகத்தை மொய்க்கும் மேற்கு ஸ்காட்லாந்து மாலைகளிலும் இதைச் செய்ய வேண்டும். மேல் படுக்கை இல்லாமல் சமாளிக்க முடியாத நான்கு பேர் குடும்பம் இதை இரண்டு நாளில் வெறுத்துவிடும். இருவர் மட்டும் கீழ்ப் படுக்கையில் படுப்பவர்கள் என்றால் கவலையில்லை, கூரையைத் திறக்காமலே காலம் தள்ளலாம். கேரியர் கடைகளில் யாரும் எடுத்துச் சொல்லாத விஷயம் இது.

சைக்கிளோடு டிக்கியைத் திறக்காதீர்கள். மேல்நோக்கித் திறக்கும் அந்தப் பெரிய கதவைப் பிடித்து நிற்கும் தண்டுகளுக்கு 50 கிலோ கூடுதல் பாரம் பழக்கமில்லை. தலையில் இறங்கும். டோ பார் கேரியரைச் சாய்த்தாலும் இந்த வேன்களின் உயரமான கதவுக்குப் பல சமயம் வழி போதாது. பக்கவாட்டில் கதவுபோல் திரும்பி விலகும் கேரியர்தான் சரிப்படும். சமையல் சாமானை டிக்கிப் பக்கமாக அடுக்காமல் தள்ளுகதவுப் பக்கம் வைத்தால் வழியில் திறக்கும் தேவையே வராது.

ராட்செட் பட்டையால் கயாக்கை இறுக்காதீர்கள். லாரிச் சுமைக்கு ஆனது அது. நெம்பி இறுக்கும்போது எவ்வளவு விசை என்று கைக்குத் தெரியாது. பிளாஸ்டிக் கயாக் குழியும், ஃபைபர் கயாக் வெடிக்கும். வெயிலில் பாலிஎத்திலீன் இளகுவதால் கையால் இறுக்கிய கட்டுகூட அடியைக் குழியவைக்கலாம். வண்டி நாள் முழுக்க வெயிலில் நிற்கப் போகிறது என்றால் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். கிளம்பும்போது மறக்காமல் இறுக்குங்கள்.

உட்காரும் குழியை மூடாமல் ஓட்டாதீர்கள். மல்லாந்து கிடக்கும் கயாக்கில் மழைநீர் நிறையும். 50 லிட்டர் தண்ணீர் என்றால் 50 கிலோ. கூரை வரம்பைப் போல அது தனியாக இன்னொரு பங்கு. மூடி போடுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள்.

கடலிலிருந்து வந்த கயாக்கை அப்படியே சைக்கிளுக்கு மேலே சொட்டவிடாதீர்கள். ஏற்றும் முன் தக்கையைத் திறந்து முழுக்க வடித்துவிடுங்கள். பின் நுனியிலிருந்து வடியும் உப்புநீர் நேராகச் செயினிலும் கியரிலும் இறங்கும். சாலையிலிருந்து தெறிக்கும் சேற்றோடு இதுவும் சேர்ந்தால் செயின் சீக்கிரமே துருவேறிவிடும்.

சைக்கிளுக்கு உறை போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள். காற்று பிடித்த பாய்மரம் ஆகிவிடும் அது. கேரியர் செய்பவர்கள் பலர் இதை வெளிப்படையாகவே தடை செய்கிறார்கள். விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையும் அபாயமும் உண்டு.

பக்கக் காற்றில் வீம்பு வேண்டாம். கூரைச் சுமையால் வண்டியின் புவியீர்ப்பு மையம் மேலே போய்விடுகிறது. பின்சுமையால் முன்சக்கரத்தின் பிடி குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்த வண்டியைத் திடீர்க் காற்று தள்ளினால் ஸ்டீயரிங் பதில் சொல்லத் தாமதமாகும். ஸ்கை பாலம், டே சாலைப் பாலம் போன்ற வெட்டவெளிப் பாலங்களில் காற்று எச்சரிக்கை வந்தால், கயாக் ஏற்றிய வேன் தன்னை உயரமான வண்டியாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். காத்திருங்கள், டீ குடியுங்கள்.

நுழைவுரிமைச் சட்டம் வேனுக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் 2003 சட்டம் எஞ்சின் வண்டிகளை அனுமதிக்கவில்லை. நடந்தோ கயாக்கிலோ போய்க் கூடாரம் போடலாம், வேனை நிறுத்தி அதில் படுப்பதற்கு அந்த உரிமை கிடையாது. லோக் லோமண்ட் தேசியப் பூங்காவின் பல கரைகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடாரத்துக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலைமை இன்னும் இறுக்கம். பல ஆறுகளில் கயாக்குக்கே உரிமம் கேட்பார்கள். பேடில் யுகே அமைப்பின் உறுப்பினர் அட்டை அவற்றில் பலவற்றுக்குப் போதுமானது.

ஐரோப்பாவுக்கு இதே கட்டோடு போய்விடாதீர்கள். பிரிட்டனில் பின்னால் 1 மீட்டருக்கு மேல் நீட்டினால் பளிச்சென்று தெரியும்படி ஏதாவது கட்டினால் போதும், 2 மீட்டர் தாண்டினால்தான் குறிப்பலகை. ஜெர்மனியில் 1 மீட்டருக்கு மேல் என்றால் 30 சென்டிமீட்டருக்குக் குறையாத சிவப்புக் கொடி கட்டாயம், இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கீழே வண்டிக்கு முன்னால் எதுவும் நீட்டவே கூடாது. பிரான்ஸிலும் முன்னால் நீட்டக் கூடாது. இத்தாலி, ஸ்பெயின் போகிறவர்கள் பின்சுமைக்குச் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட 50 சென்டிமீட்டர் சதுரப் பலகையை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். 5 மீட்டர் கயாக்கும் 4.9 மீட்டர் வேனும் ஏறக்குறைய ஒரே நீளம். ஏற்றும்போது மூக்கு வண்டியின் முன் பம்பரைத் தாண்டாமல் வைத்தால் முன்னால் நீட்டும் சிக்கல் எந்த நாட்டிலும் வராது.

கணக்கு இடிக்கிறது என்றால்

பாப்-டாப் வேன், முழு அளவு பிளாஸ்டிக் கயாக் இரண்டு, பேட்டரி சைக்கிள் இரண்டு, நான்கு பேர். இந்த நான்கும் ஒன்றாகச் சேராது. எங்கே விட்டுக்கொடுப்பது என்றால் கயாக்கில்தான் என்பேன். காற்றடிக்கும் கயாக்குகள் இன்று 12 முதல் 18 கிலோவுக்குள் நல்ல தரத்தில் கிடைக்கின்றன. சுருட்டி உள்ளே வைத்துவிடலாம், கூரை முழுக்கக் காலி. அமைதியான ஆற்றுக்கும் ஏரிக்கும் அவை போதும். திறந்த கடலில் காற்றுக்கு எதிரே போக அவற்றை நம்ப மாட்டேன். மடக்குக் கயாக் இன்னொரு வழி. ஆல்ஃபிரட் ஹாய்ரிக் என்ற ஜெர்மானிய மாணவர் 1905இல் வடிவமைத்து, ரோசன்ஹைம் நகரின் கிளெப்பர் நிறுவனம் 1907இல் எடுத்துச் செய்யத் தொடங்கியது அது. துணியும் மரச்சட்டமுமாகப் பைக்குள் அடங்கும், கடலையும் தாங்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

டிரெய்லர் போட்டால் கயாக், சைக்கிள் இரண்டும் தாழ்வாக, இடுப்பு உயரத்தில் ஏறிவிடும். கூரைப் பிரச்சினையும் படுக்கைப் பிரச்சினையும் ஒருசேரத் தீரும். 2021 டிசம்பர் முதல் சாதாரண கார் உரிமத்திலேயே பிரிட்டனில் 3,500 கிலோ வரை இழுக்கலாம், தனித் தேர்வு தேவையில்லை. ஆனால் வேகம் குறையும். நடுப்பிரிப்பு இல்லாத சாலையில் மணிக்கு 50 மைல், மோட்டார்வேயில் 60. மூன்று தடமுள்ள மோட்டார்வேயின் வலக்கோடித் தடத்தில் போக முடியாது. படகுகளில் நீளக் கட்டணம் ஏறும். ஒற்றைத்தடச் சாலைகளில் பின்னால் எடுப்பது பழகாதவர்களுக்குச் சோதனை. இவை எல்லாவற்றோடும் ஒரு குடும்பத்துக்கு அதுவே உத்தமம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோடைக்குக் கேரியர் வாங்க எண்ணியிருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் வண்டியின் கையேட்டில், அல்லது கூரையை மாற்றிக் கட்டிய பட்டறை தந்த தாளில், கூரை எடை உள்ள பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அந்த எண்ணைக் கேட்காமலே விற்கத் தயாராக இருக்கும் கடையில் வாங்காதீர்கள்.